தேய்ந்த பூட்டைச் சொல்லாமல் விட்ட நாள்

பாரம் ஏற்றும் இடத்தில், யார் கையில் பாரத்தை இழுக்கும் வின்ச்சின் கைப்பிடி இருக்கிறதோ அவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால், பாரம் உருண்டு வராமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கக் குனிந்து நிற்பவனை ஒருவரும் பார்ப்பதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, நீங்களும் வந்த அன்றைக்கே அந்தக் கைப்பிடியைத்தான் பார்த்திருப்பீர்கள். தப்பில்லை. நானும் அதைத்தான் பார்த்தேன். வேறு எதையும் பார்க்க முடியாத அளவுக்குப் பார்த்தேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். கம்பிவடத்தை எப்படிச் சுற்றுவது, எங்கே மாட்டுவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது என் வயிற்றெரிச்சலைப் பற்றி. ஐயப்பன் சாட்சியாக, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இயந்திரங்களை ஏற்றி இறக்கும் ஒரு சின்ன கம்பெனியில் கலாசியாகச் சேர்ந்தேன். கடப்பாரை, உருட்டுக் குழாய், கயிறு, ஆள் பலம். இவ்வளவுதான் அப்போது எங்கள் சொத்து. எட்டு வருஷம் ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை. மேஸ்திரி வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தேசிங்கு வந்து சேர்ந்தான். வேப்பம்பட்டுக்காரன். பயிர் வைக்கிற குடும்பம். இயந்திரத்தைக் கிட்டத்தில் பார்த்ததே எங்களிடம் வந்த பிறகுதான். வந்த ஒரு வாரத்தில் ஒரு பட்டறையில் கனமான கிரைண்டர் ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். தரையெல்லாம் எண்ணெய். சாய்வுப் பலகை நிற்கவே இல்லை, வழுக்கி வழுக்கிப் போனது. இன்னும் நாலு ஆள் வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். இவன் பேசாமல் வெளியே போனான். எதிர் டீக்கடை அடுப்புச் சாம்பலை ஒரு சட்டி நிறைய வாரிக்கொண்டு வந்து எண்ணெய் மேல் தூவினான். பலகை அசையாமல் நின்றது.

முதலாளி சிரித்துக்கொண்டே அவன் தோளில் கை போட்டார். “எங்கடா கத்துக்கின இத?”

“களத்துல ஈரமா இருந்தா சாம்பல்தான் மொதலாளி போடுவோம். மாடு வழுக்கக் கூடாதுல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு வருஷத்தில் அந்தக் கை என் தோளில் ஒரு தடவை விழுந்ததில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது.

பிறகு ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள். கேபினுக்குப் பின்னால் கையால் சுற்றுகிற பழைய வின்ச் ஒன்றைப் பொருத்தினார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உருளையில் கம்பிவடம் ஏறும், அதோடு பாரமும் பலகை வழியாக மேலே ஏறும். அது பின்னுக்குச் சுழலாமல் பிடிப்பது, பல்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று விழுகிற ஒரு சின்ன இரும்புத் துண்டு. பூட்டு என்போம். ஏறுகிற பாரத்துக்கு அந்தப் பூட்டுதான் உயிர்.

வின்ச்சைப் பொருத்திய அன்றே முதலாளி, “தேசிங்கு, நீ புடி” என்றார். என்னைப் பார்த்து, “நீ கட்டை பாத்துக்கப்பா” என்றார். அவனுக்குப் பேர் இருந்தது. நான் ‘அப்பா’.

பொறாமை என்பது பெரிய விஷயங்களில் வருவது என்று நினைக்காதீர்கள். அவன் காலில் இருந்த ஷூவைப் பார்த்தால் எனக்கு எரியும். ஆவடியில் பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய ஷூ. மூக்கில் கெட்டித் தோல், கீழே ஆணி. நடந்தால் சத்தம் வரும். சாயங்காலம் அவன் கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிச் சுற்றி வைக்கிற அழகைப் பார்த்தால் எரியும். பட்டறைக்காரர்கள் என்னிடமே வந்து, “தேசிங்கு வரலையா இன்னிக்கி?” என்று கேட்பார்கள். ராத்திரி சோறு இறங்காது. ஒரு நாள் என் வீட்டுக்காரி சொன்னாள்: “நீ சாமி பேரச் சொல்றதவிட அந்தாளு பேரத்தான் ஜாஸ்தி சொல்ற.”

அவன் என்னை ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடுவான். அதில் ஒரு குறையும் கிடையாது. அதுவும் எரிந்தது. ஒரு தடவையாவது மரியாதை இல்லாமல் பேசினால் சண்டை போடலாமே என்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் வழக்கம்போல மாலை போட்டேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு. மாலை போட்டால் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து விளக்கேற்றி சரணம் சொல்வேன். சரணத்துக்கு நடுவில் என் வேண்டுதல் என்ன தெரியுமா? ‘ஐயப்பா, முதலாளி முன்னால் அவனுக்கு ஒரு தலைகுனிவு வரவேண்டும்.’ ஒரு மண்டலம் விரதம் இருந்து ஒருத்தன் கேட்டது இதை.

அந்தச் சமயத்தில் தேசிங்கு மச்சினன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டான். கைப்பிடி என் கைக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் எனக்குப் பசியே தெரியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் திருமுல்லைவாயிலில் ஒரு மோட்டாரை ஏற்றும்போது கைப்பிடி என் கையில் ஒரு உதறு உதறியது. பூட்டு ஒரு பல்லில் நழுவி அடுத்த பல்லில் போய்ப் பிடித்துக்கொண்டது. ஏற்றி முடித்ததும் விரலை வைத்துப் பார்த்தேன். பூட்டின் முனை கூர் போய், தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

முதலாளியிடம் சொல்லக் கிளம்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். நின்றுவிட்டேன்.

நாளைக்குத் தேசிங்கு வந்துவிடுவான். கைப்பிடி அவனிடம் போய்விடும். நாளைக்கு ஏற்ற வேண்டியது ஒரு கோல்ஃப் வண்டி. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பார்வையாளர்களை உள்ளே சுற்றிக்காட்ட வாங்கி வைத்திருந்த பேட்டரி வண்டி. மோட்டார் எரிந்துபோனதால் பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். புது வாடிக்கை என்பதால் முதலாளியும் நேரில் வருவார். என் புத்தி கணக்காக வேலை செய்தது. பலகையில் பாதி ஏறும்போது பூட்டு நழுவும். வண்டி ஒரு அடி இறங்கும். பின்னால் கட்டையோடு நிற்பவன் நான்தானே? நழுவும் என்று தெரிந்தவன், தயாராக இருப்பேன். சட்டென்று கட்டையைக் கொடுத்து நிறுத்திவிடுவேன். அவன் தலைகுனிவான், என் தோளில் கை விழும். ஒருத்தருக்கும் சேதமில்லை.

இப்படி நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்து சரணம் சொன்னேன்.

மறுநாள் காலை அந்தத் தொழிற்சாலையின் பின்பக்க மைதானம். தரையெல்லாம் ஜல்லி. வண்டியை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வெள்ளைக் கூரை, நாலு சின்ன சக்கரம், கதவு கிடையாது. பார்க்க விளையாட்டுச் சாமான் போல. ஆனால் சீட்டுக்கு அடியில் வரிசையாக பேட்டரிகள். அத்தனையும் ஈயம். கையால் தள்ளிப் பார்த்தபோதுதான் கனம் தெரிந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

தேசிங்கு நேராக என்னிடம் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். “சாமி, கல்யாண லட்டு. நீ வெளிய துன்ன மாட்டன்னு தெரியும். ஊட்டுக்கு எத்துகினு போ, பசங்க துன்னட்டும்.”

வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிக்கப்பின் பின்கதவை இறக்கி, இரண்டு இரும்புப் பலகைகளைச் சாய்த்தோம். கோல்ஃப் வண்டியின் அடிச்சட்டத்தில் கொக்கியை மாட்டினான். மாட்டிவிட்டு நிமிர்ந்தவன் என் காலைப் பார்த்தான். ஜல்லி குத்தி ஒரு விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

“இன்னா சாமி இது, வெறுங்கால்ல எப்படி இந்த ஜல்லி மேல நின்னு கட்டை குடுப்ப? கட்டை குடுக்கறவன் பின்னாலயே நடக்கணும், சட்னு தாவணும். வேணா. நீ மேல ஏறி வின்ச்ச புடி. பின்னால நான் பாத்துக்கறேன்.”

“இல்ல தேசிங்கு, நானே…”

“அட ஏறு சாமி! என் கால்ல ஷூ கீது. உன் கால்ல இன்னா கீது?” முதலாளி பக்கம் திரும்பி, “மொதலாளி, இன்னிக்கி சாமி கைராசி. அவரே ஏத்தட்டும்” என்றான்.

“சரிப்பா, சாமியே புடிக்கட்டும்” என்றார் முதலாளி.

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். ஏறி நின்று, கைப்பிடியைப் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டுகிற நேரம். தாராளமான நேரம். ‘பூட்டு தேய்ந்திருக்கிறது’ என்று சொன்னால் போதும். சொன்னால் முதலாளி கேட்பார்: எப்போது பார்த்தாய்? நேற்று. அப்புறம் கேட்பார்: ஏன் சொல்லவில்லை? அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. கழுத்தில் மாலை, எல்லோரும் சாமி என்கிறார்கள். என்ன சொல்வேன்?

அதோடு, கைப்பிடி என் கையில் இருந்தது. முதலாளி முன்னால், கேட்டு வாங்காமல், அவனே கொடுத்தது. விட மனசில்லை. பூட்டு நழுவினால் என்ன, என் கை பலம் போதாதா என்று நினைத்தேன்.

சுற்றினேன். டக், டக், டக். முன்சக்கரம் பலகையில் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. தேசிங்கு குனிந்தபடி, இரண்டு கையிலும் கட்டையோடு, வண்டிக்குப் பின்னால் ஒவ்வொரு எட்டாக வந்தான். தொழிற்சாலை மேனேஜர் சத்தம் போட்டார்: “பாத்துப்பா, வெலை ஜாஸ்தியான வண்டி!”

“எங்க சாமி கையில கீது சார், பயப்படாதீங்க” என்றார் முதலாளி.

எங்க சாமி! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு இதை மறைக்க முடியாது. அந்த நிமிஷம் நான் பூட்டையே மறந்துவிட்டேன். சந்தோஷத்தில் மறந்தேன்.

அடுத்த ‘டக்’ வரவில்லை.

கைப்பிடி என் கையைப் பிய்த்துக்கொண்டு பின்னால் சுழன்றது. “தேசிங்கு, ஓடு!” என்று கத்தினேன். கத்தும்போதே கைப்பிடி ஒரு சுற்று சுற்றி வந்து என் முழங்கைக்குக் கீழே அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு கையால் அதைப் பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அவன் ஓடவில்லை. பக்கவாட்டில் தாவியிருந்தால் தப்பியிருப்பான். ஆனால் நம் வேலையில் கட்டைக்காரன் ஓடக்கூடாது என்றுதானே பழகியிருக்கிறோம். இடது கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தான், அது சிதறிப் போனது. வலது கட்டையை வைத்து ஷூக்காலால் மிதித்துப் பிடித்தான். சக்கரம் கட்டை மேல் ஏறி, ஷூவின் மூக்கு மேலும் ஏறி, நின்றது.

வண்டிக்கு ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. ஷூ இல்லாமல் இருந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். அங்கே நிற்க வேண்டியவன் நான். வெறுங்காலோடு.

முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். “கை ஒடஞ்சும் விடாம புடிக்கப் பாத்தியேப்பா. நான் கண்ணால பாத்தேன். பூட்டு ஏமாத்தினா யார்தான் இன்னா பண்ணுவான்? நீதான் இனிமே மேஸ்திரி.”

எத்தனையோ வருஷம் காத்திருந்த கை. விழுந்துவிட்டது. அப்போதும், அந்த வலியிலும், உள்ளே ஒரு மூலையில் எனக்கு சந்தோஷம் வந்தது. என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதிலேயே பெரிய அசிங்கம் அதுதான்.

அப்போது ஆயாம்மா ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார். “இது உங்க ஆளோடதா சாமி?” உள்ளே அந்தப் பட்டாள ஷூ. கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். முதலாளி வலியில் அழுகிறேன் என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்கு வந்ததும், ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து உட்காரப் பலகை போட்டாள். “வா சாமி. ஒடஞ்ச கையோட ஏன் சாமி இவ்ளோ தூரம் வந்த?” தேசிங்கு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

உட்காராமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திருமுல்லைவாயிலில் பூட்டு நழுவியது, விரல் வைத்துப் பார்த்தது, நாலு எட்டு வைத்து நின்றது, நான் போட்ட கணக்கு. என் வேண்டுதலைக்கூட விடவில்லை.

அவன் பெண்டாட்டி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எப்போ மலைக்குப் போற?” என்று தேசிங்கு கேட்டான்.

“வர்ற வெள்ளிக்கிழமை.”

“போயிட்டு வா சாமி. மாலை போட்டவங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது. கழட்டிட்டு வா. அப்புறம் பேசிக்கலாம்.”

அந்தத் தடவை மலை ஏறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கட்டுப்போட்ட கையோடு இருமுடியைச் சுமந்து போனேன். சன்னிதியில் நிற்கும்போது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஆசைப்பட்டதெல்லாம்தான் கொடுத்துவிட்டாரே.

ஊர் திரும்பி, மாலையைக் கழற்றி, அன்றைக்கே வேப்பம்பட்டுக்குப் போனேன். பிரசாதத்தை நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினான், பெண்டாட்டியிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னான். அவள் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினான்.

“அது சாமிக்கு. இப்போ நமக்கு” என்றான். “டேய்.”

அதுவரை என்னை அவன் டேய் சொன்னதில்லை.

“பூட்டு தேஞ்சுகீது தேசிங்கு. எத்தினி வார்த்தடா இது? எண்ணு.”

எண்ணினேன். “மூணு.”

“மூணு வார்த்த வாயில வரல உனக்கு. கைப்பிடி வேணும்னா என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. அன்னிக்கி கேக்காமலே குடுத்தேனே. மேல ஏறி நின்னப்பகூட உனக்கு சொல்லத் தோணலயே.” கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தான். “நாளைக்கே மொதலாளிய இங்க கூட்டியா. என் முன்னால சொல்லு.”

கூட்டிக்கொண்டு போனேன். சொன்னேன். மேஸ்திரி வேலை போயிற்று. என்னை வேலையை விட்டே அனுப்பத்தான் முதலாளி நினைத்தார். தேசிங்கு எனக்காகப் பரிந்து பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னான்: “கட்டை குடுக்கட்டும் மொதலாளி. என் வின்ச்சுக்குப் பின்னாலயே குடுக்கட்டும்.”

மூன்றாம் மாசம் அவன் வந்து கைப்பிடியைப் பிடித்தான். கொஞ்சம் சாய்ந்து நடந்தான். அடுத்த வருஷம் அவன்தான் மேஸ்திரி. நான் ஓய்வு பெறும்வரை அவனுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முதலாளி அவன் தோளில் கை போடும்போது உள்ளே ஒரு முள் அசையத்தான் செய்யும். அது அசைந்தால் உடனே என் வாயைத் திறந்து, அன்றைக்கு நான் பார்த்த குறை எதையாவது உரக்கச் சொல்லிவிடுவேன். டயரில் காற்று கம்மி, வடத்தில் ஒரு இழை அறுந்திருக்கிறது, எதுவானாலும். எனக்கு நானே வைத்துக்கொண்ட விரதம் அது. அதற்கு மாலை கிடையாது, கழற்றுவதும் கிடையாது.

தினமும் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பூட்டை விரல் வைத்துப் பார்ப்பேன். தேசிங்கு வந்ததும், “பூட்டு நல்லா கீது” என்பேன். அவன் தலையாட்டுவான். ஆட்டிவிட்டு, தானும் ஒரு தடவை விரலை வைத்துப் பார்ப்பான். பிறகுதான் கைப்பிடியைத் தொடுவான். எல்லோரையும் போலச் சிரித்துப் பேசுவான், என் மகள் கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி பரிமாறினான். ஆனால் அந்த விரலை ஒரு நாளும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணாத்தே என்று கூப்பிடுவதும் திரும்ப வரவில்லை.

என் கடைசி வேலை நாளன்று, “பூட்டு நல்லா கீது தேசிங்கு” என்றேன். இன்றைக்காவது நம்புவான் என்று ஒரு நினைப்பு. அவன் தலையாட்டினான். மெதுவாகக் குனிந்தான். விரலை வைத்துப் பார்த்தான்.

“நல்லாத்தான் கீது” என்றான்.

தம்பிகளே, நாளைக் காலையில் நீங்கள் வேலைக்குப் போகும்போது, நேற்று வின்ச் பிடித்தவன் எவனாவது உங்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்பான். அவன் நல்லவனாகவே இருக்கலாம், நெற்றி நிறைய விபூதியோடு இருக்கலாம். தலையாட்டுங்கள். தலையாட்டிவிட்டு, குனிந்து விரலை வைத்துப் பாருங்கள்.